புவி வெப்பக் கணக்கை எல்லோரும் வாசிக்கும்படி மாற்றி எழுதிய நிரலாளர்கள்

2024ஆம் ஆண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை, 1951 முதல் 1980 வரையிலான சராசரியைவிட 1.28 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது என்று நாசா அறிவித்தது. பத்திரிகைகள் போட்டன, தொலைக்காட்சிகளில் ஓடியது, மறுநாள் வேறு செய்தி வந்துவிட்டது. அந்த 1.28 எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலானோருக்குத் தெரியாது, தெரியாததில் தப்பும் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒருவர், நாசாவில் வேலை பார்க்காத, காலநிலை அறிவியலில் பட்டம் எதுவும் வாங்காத ஒருவர், அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து, தன் சொந்தக் கணினியிலேயே போட்டுப் பார்க்க முடியுமா?

இன்றைக்கு முடியும். அதற்கு ஒரு முக்கியக் காரணம், இங்கிலாந்தைச் சேர்ந்த இரண்டு நிரலாளர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்ட சிலரும் சம்பளம் வாங்காமல் செய்த ஒரு வேலை. 'கிளியர் கிளைமேட் கோட்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். காலநிலை விழிப்புணர்வுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய மென்பொருள் என்றதும் நம் நினைவுக்கு வருவது கார்பன் கணக்குப் போடும் செயலிகள், வண்ண வண்ண வரைபடங்கள், மரம் நடச் சொல்லும் தளங்கள். அவையும் தேவைதான். ஆனால் என்னைக் கேட்டால், இந்த வகையில் இதுவரை நடந்த வேலைகளிலேயே அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டியது இதுதான். ஏனென்றால் இது யாரையும் நம்பச் சொல்லவில்லை, சரிபார்க்க வழி செய்து கொடுத்தது.

முதலில் அந்தக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லையென்றால் இவர்கள் செய்ததன் கனம் புரியாது.

நாசாவுக்குக் கொடார்ட் விண்வெளி ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஜிஸ், 2025 வரை நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இயங்கியது. 1970களின் கடைசியில் அங்கே ஜேம்ஸ் ஹான்சன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் உலகம் முழுக்க உள்ள வானிலை நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பூமியின் சராசரி வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று கணக்கிட ஆரம்பித்தார்கள். இந்தக் கணக்குக்குப் பெயர் ஜிஸ்டெம்ப். 1880இலிருந்து இன்றுவரை, மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறது.

கேட்க எளிதாக இருக்கும், எல்லா நிலையங்களின் வெப்பநிலையையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்தால் அபத்தமான விடைதான் வரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலையங்கள் நெருக்கமாக இருக்கும், ஆப்பிரிக்காவின் நடுவிலும் அண்டார்டிகாவிலும் மிக அரிதாகவே இருக்கும். சில நிலையங்கள் 1900இல் தொடங்கி 1950இல் நின்றுவிட்டிருக்கும். மலைமேல் இருந்த நிலையத்தை மூடிவிட்டுக் கீழே பள்ளத்தாக்கில் புதிதாகத் திறந்தால், வெறும் சராசரி போடுகிறவருக்கு ஊரே சூடாகிவிட்டது போலத் தெரியும்.

அதனால் ஜிஸ்டெம்ப் வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு இடமும் அதன் சொந்தப் பழைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. சைபீரியாவில் மைனஸ் 30 இருந்தாலும் சரி, சகாராவில் 40 இருந்தாலும் சரி, இரண்டும் அதனதன் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடியிருந்தால் கணக்கில் இரண்டுக்கும் ஒன்றுதான் வரும். இந்த விலகல், பக்கத்து ஊர்களுக்குள் ஆச்சரியமான அளவுக்கு ஒத்துப்போகும். ஓர் ஊரில் இந்த மாதம் வழக்கத்தைவிடக் குளிர் என்றால் சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஹான்சனும் அவருடைய சக ஆய்வாளர் லெபெடெஃப்பும் 1987இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை எண்களோடு காட்டினார்கள். அதனால்தான் பூமியை 8000 சமபரப்புத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் 1200 கிலோமீட்டர் வரை உள்ள நிலையங்களை எடுத்துக்கொள்கிறார்கள். தூரம் கூடக்கூட அந்த நிலையத்தின் எடை குறைந்துகொண்டே போய் 1200 கிலோமீட்டரில் பூஜ்யமாகிவிடும். அப்புறம் நகரங்களின் கான்கிரீட் சூட்டை விலக்க ஒரு திருத்தம், கடல் மேற்பரப்பின் வெப்பநிலையைச் சேர்க்க ஒரு கட்டம், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒற்றை எண். மொத்தம் ஆறு கட்டங்கள், பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண் போட்டிருப்பார்கள்.

இதெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் கணக்கைப் போட்ட நிரல் வெளியே யாருக்கும் கிடைக்கவில்லை.

2007 ஆகஸ்டில் இது பிரச்சினையானது. கனடாவைச் சேர்ந்த ஸ்டீவ் மெக்கின்டயர், சுரங்கத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், காலநிலை ஆய்வுகளைக் கடுமையாக விமர்சித்து வந்தவர், ஜிஸ்டெம்ப் எண்களைத் துருவிப் பார்த்து ஒரு பிழையைப் பிடித்தார். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்க நிலையங்களின் தரவு வேறு மூலத்திலிருந்து வந்திருக்கிறது, இரண்டு மூலங்களுக்கும் இடையில் இருந்த திருத்த வேறுபாடு கவனிக்கப்படாமல் போயிருக்கிறது. நாசா உடனே ஒப்புக்கொண்டு சரிசெய்தது. அமெரிக்காவின் சராசரி 0.15 டிகிரி அளவுக்கு இறங்கியது. அந்த நாட்டின் மிகச் சூடான ஆண்டு 1998ஆ 1934ஆ என்ற போட்டியில், நூலிழை வித்தியாசத்தில் 1934 முன்னால் வந்தது. உலகச் சராசரியில் ஏற்பட்ட மாற்றமோ டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குதான், ஏனென்றால் அலாஸ்காவையும் ஹவாயையும் விட்ட அமெரிக்க நிலப்பரப்பு பூமிப் பரப்பில் 2 சதவீதம் கூட இல்லை. ஆனால் வானொலிப் பேச்சாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 'நாசா மறைத்துவிட்டது', 'வெப்பமயமாதல் பொய் என்று நிரூபணமாகிவிட்டது' என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த மாதமே, 2007 செப்டம்பரில், ஜிஸ் தன் மூலநிரலை வெளியிட்டது. நல்ல முடிவு. ஆனால் வெளியே வந்த நிரலை எடுத்துப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

பல பத்தாண்டுகளாக, பல கைகள் பட்டு, தேவைக்கேற்பத் துண்டு துண்டாக ஒட்டப்பட்ட நிரல் அது. பெரும்பகுதி ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் இருந்தது, ஒரு கட்டம் பைத்தான் என்ற பிற்கால மொழியில் எழுதப்பட்டு அதற்குள் சி மொழித் துண்டுகள் செருகப்பட்டிருந்தன, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டுவதற்கு ஷெல் நிரல்கள். ஒரு நிரல் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதும், அடுத்த நிரல் அதை எடுத்துப் படிக்கும், அந்தக் கோப்பு எந்த அமைப்பில் இருக்கிறது என்பது நிரல் எழுதியவரின் தலைக்குள் மட்டும் இருக்கும். வேறு கணினியில் போட்டால் ஓடாது. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஃபோர்ட்ரானும் தெரிய வேண்டும், காலநிலை அறிவியலும் தெரிய வேண்டும், பொறுமையும் நிறைய வேண்டும். விஞ்ஞானிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆய்வகங்களில் எழுதப்படும் நிரல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், தமக்குத் தாமே எழுதிக்கொள்வது, விடை சரியாக வந்தால் போதும். ஆனால் அந்த விடையை வைத்து உலக நாடுகள் தங்கள் எரிசக்திக் கொள்கையைத் தீர்மானிக்கின்றன என்று ஆனபோது, எழுதியவருக்கு மட்டும் புரிந்தால் போதாது என்ற நிலை வந்துவிட்டது.

கேம்பிரிட்ஜில் ரேவன்புரூக் என்று ஒரு சிறிய மென்பொருள் ஆலோசனை நிறுவனம் இருந்தது. கணினியின் நினைவக மேலாண்மை போன்ற, வெளியே யாருக்கும் தெரியாத, நுணுக்கமான வேலைகளில் கெட்டிக்காரர்கள். அங்கே இருந்த நிக் பார்ன்ஸுக்கு இந்தச் சண்டையைப் பார்த்து ஒரு விஷயம் உறுத்தியது. நிரல் புரியாததால் ஒருபக்கம் சந்தேகம் வளர்கிறது, இன்னொரு பக்கம் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய விஞ்ஞானிகளுக்கு நேரம் இல்லை. நிரலைப் புரியும்படி எழுதுவதுதான் தன் தொழில் என்கிறபோது, அதைத்தானே கொடுக்க முடியும்? 2008இல் வேலை ஆரம்பித்தது. டேவிட் ஜோன்ஸ் சேர்ந்துகொண்டார். ஜிஸ்டெம்ப் முழுவதையும் பைத்தானில் திரும்ப எழுதுவது என்பது திட்டம். அப்படி எழுதியதற்கு, கிளியர் கிளைமேட் கோட் என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து, சிசிசி-ஜிஸ்டெம்ப் என்று பெயர், கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள்.

அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: அறிவியலில் கைவைக்கக் கூடாது. 'இந்தத் திருத்தம் இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே', 'இந்த 1200ஐ 1000 ஆக்கலாமே' என்று எந்த யோசனையும் முதலில் கிடையாது. ஜிஸ் என்ன செய்கிறதோ அதையே செய்ய வேண்டும், ஆனால் வாசிப்பவருக்குப் புரிய வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு கடினமான கட்டுப்பாடு என்று. பழைய நிரலைத் திறந்த உடனே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நம் பாணியில் புதிதாக எழுதத்தான் கை அரிக்கும்.

வேலை நடந்த விதம் இப்படி. ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வார்கள். ஃபோர்ட்ரான் என்ன செய்கிறதோ அதையே, அசட்டுத்தனமாக இருந்தாலும், அப்படியே பைத்தானுக்கு மாற்றுவார்கள். பழையதையும் புதியதையும் ஒரே தரவின்மேல் ஓட்டி வெளியீட்டை ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்ததற்குப் போக மாட்டார்கள். இப்படி ஒவ்வொன்றாக மாற்றி, 2010 தொடக்கத்தில் முழு நிரலும் பைத்தானுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கியது. மொழியை மாற்றினால் மட்டும் நிரல் தெளிவாகிவிடாது, ஃபோர்ட்ரான் வாடை அடிக்கும் பைத்தான்தான் கையில் இருக்கும். தற்காலிகக் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கட்டங்களுக்கு இடையில் எண்களின் தசம இலக்கங்களைத் தேவையில்லாமல் குறைத்துக்கொண்டிருந்த இடங்களை நீக்கினார்கள். ஆறெழுத்துப் புதிர்களாக இருந்த மாறிகளுக்குச் சொல்லிப் பார்த்தால் புரிகிற பெயர்கள் வந்தன. இந்தக் கணக்கு ஏன் இங்கே செய்யப்படுகிறது, எந்த ஆய்வுக் கட்டுரையில் இதற்கு விளக்கம் இருக்கிறது என்று குறிப்புகள் சேர்ந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மறுபடி ஓட்டி, மறுபடி ஒப்பிட்டு.

சரி, கடைசியில் என்ன கிடைத்தது? சில பிழைகள் கிடைத்தன. ஜிஸுக்கு எழுதி அனுப்பினார்கள், ஜிஸ் ஏற்றுக்கொண்டு திருத்தியது. ஒரு பிழை கூட உலகச் சராசரியைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் அசைக்கவில்லை. விடை, நூறில் ஒரு டிகிரி அளவுக்கு நாசாவின் விடையோடு ஒத்துப்போனது. பரபரப்பை எதிர்பார்த்தவர்களுக்கு இது சப்பென்று இருந்திருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நாசாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, நிரலைப் பிரித்து மேய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள், வரிக்கு வரி பிரித்துப் பார்த்துவிட்டு, 'கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, இதோ நீங்களே பாருங்கள்' என்று சொல்வதற்கு இருக்கிற மதிப்பு, நூறு விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்ட அறிக்கைக்கு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

வேலை பாதியில் இருக்கும்போதே, 2009 நவம்பரில், கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஜிஸ் போலவே உலக வெப்பநிலைக் கணக்குப் போட்டுவந்த, இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வுப் பிரிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டு இணையத்தில் கொட்டப்பட்டன. கிளைமேட்கேட் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மின்னஞ்சல்களைப் பற்றித்தான் பலரும் எழுதினார்கள், ஆனால் நிரலாளர்கள் உற்றுப் பார்த்தது அதே குவியலில் இருந்த வேறொன்றை: ஆவணமே இல்லாத பழைய நிரல்களையும் குழப்பமான தரவுக் கோப்புகளையும் வைத்து ஒரு தரவுத்தொகுப்பை மறுபடி உருவாக்கப் போராடிய ஒரு நிரலாளரின் குறிப்புகள். நொந்துபோய் எழுதியிருந்தார். அதை எடுத்து வைத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, இவர்களுடைய நிரல் லட்சணம்' என்று கேலி செய்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சிசிசி-ஜிஸ்டெம்ப் போன்ற ஒன்று எதற்குத் தேவை என்பது பளிச்சென்று தெரிந்தது. ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டும்.

2010 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு குற்றச்சாட்டு பெரிதாகக் கிளம்பியது. ஜிஸ்டெம்ப் பயன்படுத்தும் வெப்பநிலைத் தரவுத்தொகுப்பில் 1970களில் ஆயிரக்கணக்கான நிலையங்கள் இருந்தன, 1990களுக்குப் பிறகு திடீரென்று ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டன, குளிர்ப் பிரதேசங்களிலும் மலைகளிலும் இருந்த நிலையங்களை வேண்டுமென்றே தூக்கிவிட்டார்கள், அதனால்தான் உலகம் சூடாவது போலத் தெரிகிறது என்பது குற்றச்சாட்டு. பொலிவியாவை உதாரணம் காட்டினார்கள். ஆண்டிஸ் மலைநாடான பொலிவியாவில் 1990க்குப் பிறகு தரவே இல்லை, பக்கத்தில் பெருவின் கடற்கரையையும் அமேசான் காட்டையும் வைத்து நிரப்புகிறார்கள், சூடு ஏறாமல் என்ன செய்யும் என்று கேட்டார்கள். கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் படும். எனக்கும் முதலில் கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது.

நிலையங்கள் ஏன் குறைந்தன? யாரும் தூக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய காலநிலைத் தரவு மையம் 1990களில் அந்தத் தொகுப்பை உருவாக்கியபோது, உலகெங்கும் இருந்து பழைய பதிவேடுகள், நூல்கள், நாடுகளின் ஆவணங்கள் என்று ஒரே வீச்சில் திரட்டிச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் தானாகத் தொலைத்தொடர்பு வழியே தரவு அனுப்புகிற நிலையங்கள் மட்டும்தான் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டன. மற்ற நிலையங்கள் பல இன்னும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன, அவற்றின் எண்கள் இந்தத் தொகுப்புக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பொலிவியாவைப் பொறுத்தவரை, முன்பே சொன்னது போல இங்கே கணக்கில் வருவது விலகல். மலை எப்போதும் குளிர்ந்தது, கடற்கரை எப்போதும் சூடானது என்பது கணக்குக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னும் சொல்லப்போனால், வடதுருவத்தை ஒட்டிய குளிர்ப் பகுதிகள்தான் உலகிலேயே வேகமாகச் சூடாகின்றன, அங்கே நிலையங்களை நீக்கினால் வெப்பமயமாதல் குறைந்துதான் தெரியும்.

இந்த விளக்கத்தை எத்தனை முறை எழுதினாலும், 'நீங்கள் சொல்கிறீர்கள், நான் எப்படி நம்புவது' என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஆனால் ஓடுகிற, புரிகிற நிரல் கையில் இருக்கும்போது வாதமே தேவையில்லை. கிளியர் கிளைமேட் கோட் குழு நிலையங்களை இரண்டாகப் பிரித்தது, 1990களில் தரவு நின்றுபோனவை ஒரு கூட்டம், தொடர்ந்தவை ஒரு கூட்டம். இரண்டையும் தனித்தனியாக அதே நிரலில் ஓட்டியது. இரண்டுக்கும் பொதுவான காலத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவே போயின, நின்றுபோன நிலையங்களால் செயற்கையான சூடு எதுவும் ஏறவில்லை. 2010 பிப்ரவரியில் வரைபடத்தோடும் நிரலோடும் வெளியிட்டார்கள். குற்றச்சாட்டு கிளம்பி அதற்குள் இரண்டு மாதம் கூட ஆகவில்லை.

அந்த ஆண்டில் இது ஒரு தொற்று போலப் பரவியது என்றே சொல்லலாம். பலர் தனித்தனியாகத் தாங்களே நிரல் எழுதி உலக வெப்பநிலையைக் கணக்கிட்டார்கள். அதில் மனதைத் தொட்ட விஷயம், காலநிலை மாற்றத்தைச் சந்தேகித்துக்கொண்டிருந்த சிலரும் இதில் இறங்கி, நேர்மையாகக் கணக்குப் போட்டு, கிழக்கு ஆங்கிலியாவின் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலான வெப்ப உயர்வு தங்களுக்கு வருகிறது என்று அப்படியே வெளியிட்டதுதான். மின்னஞ்சல் விவகாரத்தை விசாரித்த மியூர் ரஸ்ஸல் குழுவும் 2010 ஜூலையில் தந்த அறிக்கையில் இதையேதான் சொன்னது. பொதுவில் கிடைக்கும் தரவை எடுத்து, தாங்களே நிரல் எழுதிப் பார்த்தோம், இரண்டு நாள் கூடப் பிடிக்கவில்லை, அதே போக்குதான் வருகிறது என்றது.

இன்னொருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜான் கிரஹாம்-கம்மிங், பிரிட்டிஷ் நிரலாளர், கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்குக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2009இல் மனு இயக்கம் நடத்தி, பிரதமர் கார்டன் பிரவுனிடமிருந்து அதைப் பெற்றும் காட்டியவர். மின்னஞ்சல் திருட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் தரவையும் நிரலையும் வெளியிட்டபோது, அதை எடுத்து ஓட்டிப் பார்த்து, பிழை வரம்பைக் கணக்கிடும் இடத்தில் ஒரு தவறு இருப்பதைச் சுட்டிக்காட்டினார். வானிலை அலுவலகம் ஒப்புக்கொண்டது. சின்னத் தவறுதான். ஆனால் ஒரு தனி மனிதர் தன் வீட்டில் உட்கார்ந்து ஓர் அரசு அலுவலகத்தின் கணக்கைத் திருத்த முடிந்தது என்பதும், அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் பூமி சூடாவது மாறவில்லை என்பதும், இரண்டும் சேர்ந்துதான் ஒரு சாதாரண மனிதருக்கு அறிவியலின் மேல் நம்பிக்கை வர வைக்கின்றன. பிழையே இல்லை என்று சாதிப்பதால் வருகிற நம்பிக்கை முதல் பிழையிலேயே உடைந்துபோகும். 2007இல் நடந்தது அதுதான்.

2010 ஆகஸ்டில் பார்ன்ஸும் ஜோன்ஸும் கிளைமேட் கோட் ஃபவுண்டேஷன் என்று லாப நோக்கமற்ற ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நேச்சர் இதழில் பார்ன்ஸ் எழுதிய சிறு கட்டுரை பரவலாக வாசிக்கப்பட்டது. விஞ்ஞானிகளுக்கு அவர் சொன்னது மிக எளிமையானது, ஆறுதலானதும்கூட: உங்கள் நிரல் அசிங்கமாக இருக்கிறது என்று வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், தொழில்முறை நிரலாளர்களின் நிரலும் அப்படித்தான் இருக்கிறது, வேலையைச் செய்கிறதல்லவா, வெளியிடுங்கள். ஒரு வெளியாள், அதுவும் நிரலில் கைதேர்ந்தவர், இப்படிச் சொன்னதால்தான் அது எடுபட்டது என்று நினைக்கிறேன். 2011இல் கூகுளின் கோடைக்கால நிரல் திட்டத்தில் இந்த அமைப்பும் இடம்பெற்று, மாணவர்கள் சிலர் காலநிலை மென்பொருள்களில் வேலை பார்த்தார்கள். அதே ஆண்டு, அறிவியல் நிரலைப் பற்றி ஓர் அறிக்கையையும் வெளியிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைக்காக எழுதிய நிரல் அதைச் சரிபார்ப்பவருக்கும் வாசிப்பவருக்கும் கிடைக்க வேண்டும், நிரல் எழுதியவருக்கு உரிய பெயர் கிடைக்க வேண்டும், நிரலைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இன்றைக்கு ஆய்வு இதழ்கள் பல இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன, அன்றைக்கு அப்படி இல்லை.

இனி வருத்தமான பகுதி. இந்த மாதிரி முயற்சிகள் ஒன்றிரண்டு மனிதர்களின் ஓய்வு நேரத்தில்தான் நிற்கின்றன. அவர்களுக்கு வேறு வேலை, குடும்பம், களைப்பு என்று வந்தால் நின்றுவிடும். புது அறிவியலுக்குத்தான் நிதி கிடைக்கும், பழைய நிரலைப் புரியும்படி திருத்தி எழுத யாரும் பணம் தருவதில்லை. சில ஆண்டுகளில் இவர்களுடைய வேகமும் குறைந்தது, ஃபவுண்டேஷன் நினைத்த அளவுக்கு வளரவில்லை. காலநிலை மாற்றமே சதி என்று நம்ப முடிவு செய்துவிட்டவர்கள் இந்த நிரலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர்களை மாற்றுவது எந்த மென்பொருளாலும் ஆகாது. இந்த வேலை உதவியது வேறொரு கூட்டத்துக்கு: நடுவில் நின்று, எதை நம்புவது என்று தெரியாமல், ஆனால் தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு. அவர்கள் சத்தம் போடுவதில்லை என்பதால் அவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரிவதில்லை.

ஆனால் நிரல் சாகவில்லை. ஜிஸ் தன் பழைய ஃபோர்ட்ரானை விட்டுவிட்டு, பார்ன்ஸும் ஜோன்ஸும் எழுதிய பைத்தான் நிரலையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இன்று மாதாமாதம் நாசா வெளியிடும் புவி வெப்பநிலை எண், இந்தக் கட்டுரையின் முதல் வரியில் இருக்கும் 1.28 உட்பட, அந்தத் தன்னார்வலர்களின் நிரலிலிருந்து வளர்ந்த நிரலில்தான் கணக்கிடப்படுகிறது. வெளியிலிருந்து வாசித்துப் புரிந்துகொள்வதற்காக எழுதிய ஒன்று, உள்ளே இருக்கிறவர்களுக்கே வேலை செய்யும் கருவியாகிவிட்டது. கட்டற்ற மென்பொருள் உலகில் இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நம் ஊருக்கும் இதில் ஓர் இடம் இருக்கிறது. சென்னை வான்காணகம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது, இந்தியாவில் நீண்ட காலமாக வானிலை பதிவு செய்யப்பட்டு வரும் ஊர்களில் சென்னையும் ஒன்று. மீனம்பாக்கம் நிலையத்தின் எண்கள் உலகத் தரவுத்தொகுப்பில் இருக்கின்றன. சென்னையில் வெயில் ஏறியிருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர், 'இதெல்லாம் கட்டடம் பெருத்துப் போனதால், மரத்தை வெட்டியதால், உலகம் சூடாவதால் இல்லை' என்பார். பாதி சரி. நகரச் சூடு என்பது உண்மை. ஆனால் ஜிஸ்டெம்ப் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இல்லை. இரவில் விண்ணிலிருந்து பார்த்தால் எந்த இடம் பளீரென்று ஒளிர்கிறதோ அதை நகரம் என்று எடுத்துக்கொண்டு, 500 கிலோமீட்டருக்குள், அங்கே போதுமான அளவுக்கு இல்லையென்றால் 1000 கிலோமீட்டருக்குள் இருக்கும் கிராமப்புற நிலையங்களின் நீண்டகாலப் போக்குக்கு ஏற்ப நகரத்தின் போக்கைத் திருத்திவிடுகிறது. அதாவது உலகச் சராசரிக்குள் சென்னை போகும்போது, தன் கான்கிரீட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறது. தவிர, பூமியில் 71 சதவீதம் கடல், அங்கே நகரம் ஏது? கடலும் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது.

இதை நம்ப வேண்டியதில்லை, ஓட்டிப் பார்க்கலாம். பைத்தான் கற்றுக்கொள்கிற கல்லூரி மாணவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பயிற்சித் திட்டம் தேடி அலைகிறார்கள், நூலக மேலாண்மை மென்பொருளையே ஆண்டுக்கு ஆண்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஜிஸின் தளத்தில் இந்த நிரலும் தரவும் இலவசமாகக் கிடைக்கின்றன, சாதாரண மடிக்கணினி போதும். நகரத் திருத்தத்தைச் செய்யும், 2 என்று எண் போட்ட கட்டத்தை நிறுத்திவிட்டு ஓட்டினால் உலகச் சராசரி எவ்வளவு மாறுகிறது? நகர நிலையங்கள் அத்தனையையும் தூக்கிவிட்டுக் கிராமங்களை மட்டும் வைத்தால்? 1200 கிலோமீட்டரை 250 ஆக்கினால்? விமான நிலையங்களை எல்லாம் விட்டுவிட்டால்? ஒவ்வொன்றும் ஒரு மாணவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை, விடையைத் தமிழில் எழுதினால் வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். செய்ய நினைப்பவர்கள் முதலில் எதையும் மாற்றாமல் ஒருமுறை முழுதாக ஓட்டி, ஜிஸ் வெளியிடும் அட்டவணையோடு வரும் எண்களை ஒப்பிட்டுவிடுங்கள். அது ஒத்துப்போன பிறகு அந்த 2ஆம் எண் கட்டத்தில் கைவையுங்கள்.